நடுவில் இருந்த கைகள்

ஜனவரி 11, சனி

பக்கத்துப் பாதியில் இன்று குடிவந்த சவில்லா, எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இல்லை என்றேன். அக்டோபரைச் சொல்லவில்லை. ஏழு மாதம் என்பதையும், பெண் என்பதையும் சொல்லவில்லை. அவர் கேட்டது எண்ணிக்கையைத்தான். அதற்கு நான் சொன்ன பதில் சரியானதே.

அவர்கள் வந்த பேருந்தைப் பார்க்கச் சித்தி என்னை இழுத்துக்கொண்டு போனாள். இங்கே அது ஒரு வழக்கம். ஒஹாயோவிலிருந்தும் இண்டியானாவிலிருந்தும் பேருந்து வரும்போது, முன்பே வந்து சேர்ந்தவர்கள் எல்லாரும் தேவாலயத்தின் வண்டி நிறுத்தத்தில் கூடிவிடுகிறார்கள். வைக்கோல் தொப்பி வைத்த தாடிக்காரர்கள், வெள்ளைக் குல்லாயின் நாடாவைக் கழுத்தில் தொங்கவிட்ட பெண்கள். பாதிப் பேருக்கு அந்தப் பேருந்தில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில்கூட இத்தனை பேர் சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

தங்கள் ஊரில் கார் இல்லாமல், வீட்டில் மின்சாரம் இல்லாமல், குதிரை வண்டியில் போய்வரும் ஆமிஷ் மக்கள். அவர்களுக்குப் பங்காளி முறை ஆகிற மென்னோனைட்டுகள். அங்கே பனி கொட்டும் மாதங்களில் ஃபுளோரிடாவுக்கு வந்து, சரசோட்டாவின் இந்தச் சில தெருக்களில் தங்குகிறார்கள். பைன்கிராஃப்ட் என்று பெயர். இங்கே குதிரை கிடையாது, மூன்று சக்கர சைக்கிள். வாடகை வீட்டில் விளக்கு இருந்தால் போட்டுக்கொள்கிறார்கள். அது வீட்டுக்காரரின் விளக்கு.

சித்தியின் வீடு நடுவில் ஒரு சுவர் வைத்த இரட்டை வீடு. ஒரு பாதியில் சித்தி இருக்கிறாள், மறுபாதியைக் குளிர்காலத்துக்கு இவர்களிடம் விடுகிறாள். சித்தப்பாவுக்கு மியாமியில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். நான் இரண்டு வாரம் என்று சொல்லி நவம்பரில் வந்தேன்.

சவில்லா கணவரை இழந்தவர், எழுபது வயது இருக்கும். கூடவே அவருடைய நாத்தனார் எட்னா, கல்யாணம் செய்துகொள்ளாதவர். என்னிடம் ஆங்கிலமும் தங்களுக்குள் ஏதோ ஒரு பழைய ஜெர்மனும் பேசுகிறார்கள். அதை இங்கே எழுதும்போது எல்லாம் நம் பேச்சாகத்தான் வருகிறது. வரட்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

சித்தி பூண்டுக் குழம்பு வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதெல்லாம் பிள்ளை பெத்தவளுக்குத்தானே சித்தி.”

“நீயும் பெத்தவதானட்டி. பிள்ளை இருந்தாலும் இல்லாட்டாலும் உடம்புக்கு ஒண்ணுதான். சாப்பிடு.”

இதை வேறு யார் சொல்லியிருந்தாலும் எழுந்து போயிருப்பேன்.

மாலையில் என் கணவன் முத்து பிட்ஸ்பர்கிலிருந்து போனில் பேசினான். பேசத் தொடங்கும் முன் அவன் ஒரு மூச்சு இழுப்பான். அதற்குள் நான் அங்கே பனி எப்படி என்று கேட்டுவிடுவேன். அப்புறம் பனியைப் பற்றித்தான் பேச முடியும். முழங்கால் அளவு பெய்திருக்கிறதாம்.

ஜனவரி 19, ஞாயிறு

நான்கு புத்தகங்களைத் தொடங்கி நான்கையும் முப்பதாவது பக்கத்துக்குள் மூடிவிட்டேன். முன்பெல்லாம் காய்ச்சலில்கூடப் படிப்பேன். இப்போது ஒரு பாத்திரத்துக்குப் பெயர் வைத்ததுமே எனக்கு அலுத்துவிடுகிறது.

காலையில் ஓடைவரை நடந்தேன். திரும்பி வந்து மறுபடி நடந்தேன். பூங்காவில் வட்டுத் தள்ளும் ஆட்டம் நடக்கிறது. நீளமான கோலால் வட்டைத் தரையில் தள்ளி, எண் எழுதிய கட்டத்தில் நிறுத்த வேண்டும். எட்னா தன் வட்டை நிறுத்துவதைவிட எதிராளியின் வட்டை இடித்துத் தள்ளுவதில்தான் குறியாக இருக்கிறார். தோற்ற தாத்தா முணுமுணுத்தார். “வீட்டுல போய்ப் பிரார்த்தனை பண்ணுங்க, ஹார்லி. வட்டு நகராது, மனசாவது ஆறும்” என்றார் எட்னா.

என்னைப் பார்த்ததும், “மூணாவது தடவை போறே. ஓடையில எதையாவது தொலைச்சிட்டியா?” என்று கேட்டார்.

ஜனவரி 23, வியாழன்

சவில்லாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இவர்கள் கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள், பிறர் ஓட்டினால் ஏறிக்கொள்வார்கள்.

திரும்பும்போது சொன்னார். “உன் முகத்தைப் பாத்தா நடுவுல புகை மாதிரி இருக்கு பொண்ணே. காது தெரியுது, தோடு தெரியுது. மூக்கு எப்படின்னு கேட்டா எனக்குத் தெரியாது.”

“நல்ல மூக்குதான்.”

“உன் சித்திய கேட்டுக்கறேன்.”

பார்வை வேகமாகக் குறைகிறதாம். மகன்கள் நால்வரும் இதுதான் கடைசிக் குளிர்காலம், இனி அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியதும், “எனக்கு ஒரு பொண்ணும் இருக்கா. டாம்பாவில. அவளுக்கு ஒரு பையன் பொறந்திருக்கான். கண்ணு போறதுக்குள்ள பாக்கணும். ஞாயிற்றுக்கிழமை வராங்க. நீயும் சாப்பிட வா” என்றார்.

சாதாரண அழைப்பு மாதிரிதான் இருந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு. கோழி நூடுல்ஸ், மசித்த உருளைக்கிழங்கு, கடலை வெண்ணெய் அடைத்துச் சுட்ட இனிப்பு. ஒரு கோடியில் சவில்லாவும் எட்னாவும். மறுகோடியில் மகள் ரோடா. முப்பத்தைந்து வயது, ஜீன்ஸ், வெட்டிய தலைமுடி. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். மடியில் ஐந்து மாதப் பையன், ஆமோஸ். இறந்துபோன தாத்தாவின் பெயர்.

தலை குனிந்து மௌனமாக ஜெபித்தார்கள். எப்போது முடிந்தது என்று தெரியாமல் நான் கடைசியாக நிமிர்ந்தேன். எல்லாருக்கும் எட்டட்டும் என்று தண்ணீர்க் கூஜாவை மேசை நடுவில் வைத்தேன். விரிப்பு குழிந்தது. கூஜா சாய்ந்து அத்தனையும் என் மடியில் கொட்டியது. நடுவில் மேசையே இல்லை. அவை இரண்டு மேசைகள். ஒரு கையகல இடைவெளி விட்டு ஒரே விரிப்பை மேலே போட்டிருக்கிறார்கள்.

எட்னா துண்டை எடுத்து எறிந்தார். “மேல ஒண்ணு, கீழ ரெண்டு. இங்க வரவங்களுக்கு நாங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

பாத்திரம் துலக்கும்போது ரோடா எனக்கு விளக்கினாள். பத்தொன்பது வயதில் ஞானஸ்நானம் பெற்று, சபையில் வாக்குக் கொடுத்தாள். ஐந்து வருடம் கழித்து விட்டுப் போனாள். வாக்குக் கொடுக்காமல் போயிருந்தால் ஒன்றுமில்லை, வருத்தத்தோடு விட்டிருப்பார்கள். கொடுத்துவிட்டுப் போனதால் விலக்கு. சபையில் இருப்பவர்கள் அவளோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, அவள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. மீறினால் அவர்களையும் சபை நடுவில் எழுந்து நிற்க வைத்துக் கேட்பார்கள். பதினோரு வருடமாக அவள் ஊருக்கே போகவில்லை. பைன்கிராஃப்டில் எல்லா ஊர்க்காரர்களும் கலந்து கிடப்பதால் கண்காணிப்பு கொஞ்சம் தளர்வு. அதனால்தான் இங்கே.

அதன்பிறகு நடந்ததை எழுத வேண்டும். ரோடா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். சவில்லா கைகளைப் பாதி உயர்த்தி நின்றார். இருவருக்கும் இடையில் இரண்டு தப்படி. யாரும் நகரவில்லை.

“கோமதி, நீ வாங்கி அவகிட்ட குடு” என்றார் எட்னா.

வாங்கினேன். கொடுத்தேன். சவில்லா பிள்ளையின் முகத்தைத் தன் முகத்துக்குப் பக்கவாட்டில் பிடித்து, ஓரக்கண்ணால், ஒரு கோழி பார்ப்பதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அவர்கள் புறப்படும்போது நானே எழுந்து போய் சவில்லாவிடமிருந்து பிள்ளையை வாங்கி ரோடாவிடம் கொடுத்தேன். இந்த முறை யாரும் சொல்லவில்லை. எனக்கே தெரிந்துவிட்டது.

ஊர் டீக்கடையின் தனித் தம்ளரைப் பற்றி அப்பா சொல்லியிருக்கிறார். அதில் அன்பு என்ற பேச்சே கிடையாது, கோபப்படுவது எளிது. இங்கே ஒரு தாய் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து இழுத்து விடுகிறார், இடைவெளி மகள் கண்ணில் படாமல் இருக்க.

ஜனவரி 27, திங்கள்

முழங்கை வலிக்கிறது. பிள்ளை ஏழு கிலோதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ரோடா வந்தாள். அதே மேசைகள். கூஜாவை என் மேசையில் வைத்தேன், எட்னா புருவத்தை உயர்த்தி மெச்சினார்.

ஆமோஸை வாங்கினேன், கொடுத்தேன். திரும்பவும் வாங்கினேன், கொடுத்தேன். இரண்டாவது முறை அவன் என் தாலிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கார் அருகே ரோடா பிள்ளையை இருக்கையில் வைத்து வார்ப்பட்டையைப் பூட்டினாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாமல் நின்றாள்.

“எனக்குப் பெருசா ஆசை ஒண்ணும் இல்ல, கோமதி. திரும்ப சேத்துக்கணும்னு கேக்கல. அம்மா ஒரு தடவை தன் கையால என் கையில எதையாவது குடுத்தா போதும். பஸ் ஏறுறதுக்குள்ள. அடுத்த வருஷம் அவங்களுக்குக் கண்ணே தெரியாது.”

பாவம், சபையின் விதி அதற்கு இடம் தராதே என்று நினைத்தேன். தலையாட்டினேன்.

பிப்ரவரி 15, சனி

பிட்ஸ்பர்க் வீட்டில் தொட்டில் வந்த பெட்டி அந்த அறையில் பிரிக்காமல் இருக்கிறது. கடைக்காரர்கள் திருப்பி எடுத்துக்கொள்வதற்கான கெடு இந்த மாதத்தோடு முடிகிறதாம். “என்ன பண்ணட்டும்?” என்றான் முத்து. இருக்கட்டும் என்றேன். “நான் ஒரு வாரம் அங்க வரட்டுமா?” என்றான். இங்கே இப்போது கூட்டம், வீட்டில் இடமில்லை என்றேன்.

சித்தி வீட்டில் இரண்டு அறைகள் காலியாகக் கிடக்கின்றன.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று மதியத்துக்கு முன்பே குளித்துத் தயாராகிவிட்டேன். சித்தி பார்த்துவிட்டு, “எங்கட்டி கல்யாணமா?” என்றாள்.

ஆமோஸுக்கு என்னைத் தெரிகிறது. ரோடா கையிலிருந்து என் பக்கம் தாவினான். சவில்லாவின் மடியில் இருந்தபடி என் பக்கம் திரும்பிச் சிரித்தான். புறப்படும் நேரம் வந்ததும் நான் நாற்காலியை முன்பே தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். சவில்லா ஏதோ சொல்ல வந்தமாதிரி இருந்தது. சொல்லவில்லை. பிள்ளையை என் கையில் வைத்து, கையை எடுக்காமல் ஒரு கணம் என் கன்னத்துப் பக்கமாகப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“பால்வாடை அடிக்குது உம்மேல.”

“தூக்கினேன், அதான்.”

“தூக்கு. வேண்டாம்ன்னு சொல்லலை. அது அவ பிள்ளைட்டி.”

“எனக்குத் தெரியாதா சித்தி?”

“மாப்ள போன் பண்ணாவளா?”

துணிகளை நான் மடிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

வெக்கை தொடங்கிவிட்டது. பேருந்துகள் இப்போது நிறைந்து போகின்றன, காலியாக வருகின்றன. தெருவில் சைக்கிள்கள் குறைகின்றன.

ரோடா இன்று அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது நான் வழக்கம்போல் சவில்லாவிடமிருந்து ஆமோஸை வாங்கித் திரும்பினேன். ரோடா என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தோளுக்குமேல் திரும்பிப் பார்த்தேன். சவில்லாவின் கைகள் இன்னும் பிள்ளையைப் பிடித்திருக்கும் உயரத்திலேயே இருந்தன.

ஓடைக்கு இரண்டு முறை போனேன். ஒரு ஆமை.

மார்ச் 18, செவ்வாய்

ஆட்டத்துக்கு ஆள் இல்லை என்று எட்னா என்னைப் பூங்காவுக்கு இழுத்துப் போனார். என் வட்டுகள் ஒவ்வொன்றாகக் கட்டத்தைவிட்டு வெளியே பறந்தன.

“வெள்ளிக்கிழமை ரோடா வரா. அதுக்கடுத்த புதன் எங்களுக்குப் பஸ்” என்றார், கோலைத் துடைத்துக்கொண்டே.

“தெரியும்.”

“போறப்ப பிள்ளையைத் திருப்பிக் குடுக்கறாளே சவில்லா, அப்ப நீ எதுக்கு நடுவுல போறே?”

“விதிதானே.”

“எந்த விதி? ரோடா கையிலேர்ந்து சவில்லா வாங்கக் கூடாது. குடுக்கலாம். சோறு குடுக்கலாம், துணி குடுக்கலாம், விழுந்தா தூக்கிவிடலாம். விலக்கி வெச்சவங்களுக்குக் குடுக்கறதை எந்தப் பிஷப்பும் தடுத்ததில்ல.”

நான் கோலை ஊன்றிக்கொண்டு நின்றேன். நான்கு தடவை. நான்கு தடவையும் நான் எழுந்து போயிருக்கிறேன்.

“ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?”

“மொதல் நாளே வாயெடுத்தேன். சும்மா இரு எட்னான்னுட்டா. நீ பிள்ளையை வாங்கினப்ப உன் முகத்தைப் பாத்தாளாம்.”

“அவங்களுக்குத்தான் முகம் தெரியாதே.”

“நடுவுல தெரியாது. ஓரத்துல நல்லாவே தெரியும். அந்தப் பொண்ணு இன்னும் ஒரு நிமிஷம் வெச்சிக்கட்டும்னா.” எட்னா தன் வட்டைத் தள்ளினார். அது போய்ச் சரியாகப் பத்தில் நின்றது. “அப்படியே நம்பிடாதே. பாதி உனக்காக. மீதி பயம். பதினோரு வருஷம் கழிச்சு அந்தக் கையைத் தொட்டுட்டா, அப்புறம் பஸ் ஏற கால் வருமான்னு பயம். உன்னை நல்ல சாக்கா வெச்சுக்கிட்டா.”

“ரோடாவுக்கு இது தெரியுமா?”

“விதி தெரியாம எப்படி? அந்த வீட்டுல வளந்தவ. அம்மா வேணும்னேதான் தன் கையால குடுக்கலன்னு நினைச்சிக்கிட்டிருக்கா. ஒவ்வொரு தடவையும் கார்ல உக்காந்து அழறா. ஆடு, உன் முறை.”

என் வட்டு கட்டத்துக்கே போய்ச் சேரவில்லை.

மார்ச் 21, வெள்ளி

இன்றும் நானே எழுந்து போய் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 22, சனி

காலையிலிருந்து சுவரின் அந்தப்பக்கம் பெட்டிகள் இழுபடும் சத்தம். சித்தி வேலைக்குப் போகும் முன் கேட்டாள்.

“நேத்து அந்தப் பிள்ளை, ரோடா, காரை எடுக்காம எவ்வளவு நேரம் உக்காந்திருந்தா தெரியுமா? என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கல சித்தி.”

அது உண்மை. எட்னா மேசையைத் துடைக்கிற சாக்கில் என் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டுகூட நின்றார். நான் மறுபக்கமாக எழுந்துவிட்டேன்.

வழியனுப்ப வரவில்லை என்று ரோடா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வேலை இருக்கிறதாம்.

நூலகத்துக்குப் போய்ப் படிக்காத புத்தகங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்தேன். புதிதாக எதுவும் எடுக்கவில்லை. வரும் வழியில், எப்போதும் தவிர்த்துச் சுற்றிப் போகும் குழந்தைத் துணிக்கடையின் வாசல் வழியாகவே இன்று நடந்தேன். நடந்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 24, திங்கள்

ரோடாவுக்குப் போன் செய்தேன்.

“புதன்கிழமை வாங்க.”

“எதுக்கு? கூட்டத்துக்கு நடுவுல நிக்கவா? அவங்களுக்கு என் கை பட வேண்டாம், கோமதி. எனக்குப் புரிஞ்சிடுச்சு. உங்களைத் தப்பா சொல்லல. நீங்க நல்லதுதான் பண்ணினீங்க.”

எட்னா சொன்னதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், எப்போது தெரியும் என்று கேட்பாள். செவ்வாயிலிருந்து வெள்ளிவரை மூன்று நாள் இருந்தது.

“வாங்க. ஆமோஸைக் கூட்டிட்டு வாங்க. நான் கேக்கறேன்னு வாங்க.”

பின்னால் அவன் ஏதோ உளறும் சத்தம் கேட்டது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

மார்ச் 26, புதன்

மூன்று மணிக்குச் சித்தியின் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனோம். வண்டி நிறுத்தம் நிறைந்திருந்தது. வந்திறங்கும்போது பார்க்க வந்த அதே கூட்டம், இப்போது போவதைப் பார்க்க. பழக்கூடைகள், ஆரஞ்சு மூட்டைகள். ஒரு பெரியவர் ஜன்னல்களுக்குக் கீழே நின்று யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உரக்க அறிவித்துக்கொண்டிருந்தார். எட்னா முதல் ஆளாக ஏறி ஜன்னலோர இடத்தில் கைப்பையைப் போட்டுவிட்டுத் திரும்ப இறங்கி, பேருந்துப் படியில் நின்றார்.

ரோடா வந்தாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. மரியாதைக்கா, மேலே படாமல் இருக்கவா, தெரியவில்லை. நேராக என்னிடம் வந்து பிள்ளையை நீட்டினாள். அவள் அம்மாவின் பக்கம் திரும்பவேயில்லை.

வாங்கினேன். சவில்லாவிடம் கொடுத்தேன். அவர் அவனை வெயிலுக்கு முதுகைக் காட்டித் திருப்பிப் பிடித்து, தன் கண்ணின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, நெற்றியிலிருந்து மோவாய்வரை பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். காதில் ஏதோ சொன்னார். அவன் குல்லாய் நாடாவை வாயில் வைத்துக்கொண்டான்.

ஓட்டுநர் ஏறச் சொன்னார்.

சவில்லா பிள்ளையை என் பக்கம் நீட்டினார். என் கைகள் எழுந்தன. நான் எழுப்பவில்லை. அவை பாதி தூரம் போய்விட்டன. அவனும் என்னைப் பார்த்துத் தாவத் தயாராக உடம்பை வளைத்தான். கையைக் கீழே இறக்கினேன். பக்கத்தில் இருந்த பெட்டியின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

“கோமதி” என்றார் சவில்லா, மெல்ல.

“என்னால முடியாது. நீங்களே குடுங்க.”

அவர் முகம் வெளுத்தது. நீட்டிய கைகள் பிள்ளையின் கனத்தில் தாழ்ந்தன. சுற்றிப் பேச்சு நின்றுவிட்டது. ஜன்னல்களுக்குக் கீழே அறிவித்துக்கொண்டிருந்த பெரியவர்கூட நிறுத்திவிட்டார். என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓர் ஊரே பார்க்கிறது. அவர் பிள்ளையோடு அப்படியே நின்றுவிட்டால்? சித்தியின் கையில் கொடுத்துவிட்டு ஏறிவிட்டால்?

ரோடா இப்போதுதான் திரும்பினாள்.

படியிலிருந்து எட்னா சொன்னார், எல்லாருக்கும் கேட்கும்படி. “குடுக்கறது உன் கை, சவில்லா. அதை யாரும் கேள்வி கேக்க முடியாது. பஸ் போகப்போகுது.”

சவில்லா திரும்பி இரண்டு தப்படி நடந்தார். ரோடா கைகளைக் கீழிருந்து ஏந்தினாள். பிள்ளை இறங்கினான். சவில்லாவின் கைகள் பிள்ளைக்கும் மகளின் கைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. எடுக்கலாம். எளிதாக உருவி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. இருவரும் தலையைக் குனிந்து கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரோடாவின் தோள்கள் குலுங்கின. அவர்கள் மொழியில் சவில்லா ஏதோ சொன்னார். நீளமாக இல்லை. எனக்கு அர்த்தம் தெரியாது, நான் கேட்கவும் மாட்டேன்.

ஓட்டுநர் ஒலி எழுப்பினார். இரண்டாவது முறையும் எழுப்பினார். எட்னா இறங்கி வந்து சவில்லாவின் முழங்கையைப் பிடித்து ஏற்றினார்.

பேருந்து திரும்பும்வரை நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அது எட்னாவின் பெட்டி. ஏற்ற மறந்துவிட்டோம். சித்தி காரில் துரத்திப்போய் நெடுஞ்சாலை முனையில் நிறுத்திக் கொடுத்துவிட்டு வந்தாள். “உன்னால நான் சினிமாவுல வார மாதிரி வண்டி ஓட்டுதேன்” என்றாள். அப்புறம், “அழுறதுன்னா இப்ப அழுதுரு, வீட்டுல போயி சமைக்கணும்” என்றாள்.

மார்ச் 27, வியாழன்

முத்து பேசினான். மூச்சு இழுத்தான். நான் எதுவும் கேட்கவில்லை. அவன் அக்டோபரில் மருத்துவமனையில் அவளைக் கையில் வாங்கியவன். நான் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவன் வாங்கினான். எப்படி இருந்தாள் என்று இன்றுதான் கேட்டேன். வெகுநேரம் சொன்னான்.

ஏப்ரல் 14, திங்கள். பிட்ஸ்பர்க்

ரோடா கூப்பிட்டாள். பைன்கிராஃப்டில் பார்த்த யாரோ ஊரில் சொல்லியிருக்கிறார்கள். நேற்று சபையில் சவில்லாவை எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டார்களாம். கொடுத்தேன், வாங்கவில்லை என்றாராம். பிள்ளை உன் கைக்கு எப்படி வந்தது என்றார்களாம். பக்கத்து வீட்டு இந்தியப் பெண் கொடுத்தாள் என்றாராம். உட்காரச் சொல்லிவிட்டார்கள். எட்னா பின்வரிசையிலிருந்து தும்மினாராம், தேவைக்கு அதிகமாகவே.

வெள்ளிக்கிழமையைப் பற்றி ரோடாவிடம் இன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 22, சனி

சரசோட்டாவிலிருந்து சித்தி போன் செய்தாள். இந்தப் பருவத்தின் பேருந்து வந்துவிட்டது. எட்னா மட்டும் இறங்கினார். சவில்லாவுக்குப் பார்வை போய்விட்டது, மகன்கள் அனுப்பவில்லை. ரோடா கூட்டத்தில் நின்றிருந்தாள். ஆமோஸ் இப்போது நடக்கிறான். அவள் அவனைத் தரையில் இறக்கிவிட்டாள், அவன் தானே நடந்து எட்னாவிடம் போனான்.